கடற்கரையில் பொம்பிளை பார்த்த கதை

சலோக் கடற்கரையில் அன்றைக்கு உடம்பை முழுக்க மூடிக்கொண்டு இருந்தவர் யார் என்று யாராவது கேட்டிருந்தால், முழுக் கடற்கரையும் வேரோனிக்காவைத்தான் கை காட்டியிருக்கும். முழுக்கைச் சுடிதார், கழுத்தைச் சுற்றிச் சால்வை, தலையில் கணவரின் தொப்பி. அவளுக்கு இடப்பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண் மேற்சட்டை என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்து குப்புறக் கிடந்தாள். வலப்பக்கம் ஒரு கிழவர் கைக்குட்டைக்கும் காணாத துணியோடு பேரப்பிள்ளைகளுக்குப் பந்து எறிந்துகொண்டிருந்தார். ஸ்பெயின் தேசத்தின் அந்த மஞ்சள் மணலில், ஓகஸ்ட் வெயிலில், ஆயிரக்கணக்கான சனம் இருக்கிற துணியையும் கழற்ற வழி பார்த்துக்கொண்டிருந்தது. வேரோனிக்காவோ ஒரேயொரு ஆளின் ஒரேயொரு உடுப்பைக் கழற்ற விடாமல் காவல் இருந்தாள்.

அந்த ஆள் அவளுடைய மகள் நிரோஷினி. வயது இருபத்தெட்டு. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பல் வைத்தியரிடம் பல் துப்புரவு செய்கிற வேலை. ஒரே பிள்ளை. அந்த உடுப்பு, தோளிலிருந்து முழங்கால் வரை தொங்குகிற மெல்லிய நீலச் சட்டை. அதற்குள்ளே நீச்சல் உடை. அந்த நீச்சல் உடை மூடாத இடத்தில், கழுத்துக் குழிக்குக் கீழே தொடங்கி நெஞ்சின் நடுவால் இறங்கியது ஒரு தழும்பு.

இன்னும் கொஞ்ச நேரத்தில் பாரிசில் இருக்கிற தமிழ்க் குடும்பம் ஒன்று அந்த இடத்துக்கு வரப் போகிறது. மாப்பிள்ளை வீட்டார். அது நிரோஷினிக்குத் தெரியாது. தழும்பு இருப்பது மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் வேரோனிக்கா.

நிரோஷினிக்கு நாலு வயதில், அவர்கள் ரொறன்ரோவுக்கு வந்து பார்க்டேலில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்த காலத்தில், பிள்ளையின் இருதயத்தில் ஓட்டை என்று கண்டுபிடித்தார்கள். நகரத்தின் நடுவில் இருந்த பிள்ளைகளுக்கான ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து அடைத்தார்கள். பிள்ளை பிழைத்தது. வளர்ந்தது, படித்தது, பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்தது, அதுவும் சோம்பலால். மிச்சமாக இருந்தது அந்தக் கோடு மட்டும்.

அந்தக் கோட்டை ஊர் வாயிலிருந்து காப்பாற்ற வேரோனிக்கா பட்ட பாட்டை, அதைப் போட்ட சத்திரசிகிச்சை நிபுணர்கூடப் பட்டிருக்க மாட்டார். ஆஸ்பத்திரியில் பிள்ளை கிடந்த நாட்களில் சொந்தக்காரருக்கு, மொன்றியலுக்குப் போயிருக்கிறோம் என்று சொன்னார்கள். கோயிலில் முதல் நன்மை எடுத்த அன்றைக்குக் கழுத்தோடு ஒட்டிய வெள்ளைச் சட்டை. தைத்தவளுக்கு, பிள்ளைக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று விளக்கம். பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டுக்குத் தொண்டை வரை மூடிய பிளவுஸ். அதில் ஒரு கூத்து நடந்தது. படங்களைப் பார்த்த சனம், இதுதான் இப்போது புதுப் பாஷனாக்கும் என்று நினைத்து, அடுத்த வருடம் ஸ்காபரோவின் மல்வேர்ன் பக்கம் நடந்த சாமத்திய வீடுகளில் பிள்ளைகளை எல்லாம் தொண்டை வரை மூடிக் கொண்டுவந்து மணவறையில் ஏற்றினார்கள். வியர்த்து ஒழுகிய அந்தப் பிள்ளைகளைப் பார்க்க வேரோனிக்காவுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் மூச்சுக் காட்டவில்லை.

ஏன் இவ்வளவு என்றால், தன் சனத்தை அவளுக்குத் தெரியும். றெக்ஸ்டேலில் இருக்கிற வின்சன்ற் என்பவரின் மகளுக்கு மூச்சு இழுப்பு வருத்தம் இருக்கிறது என்ற கதை லண்டன் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன வேகத்தில் விமானமும் போயிருக்காது. மண்டபம் எடுத்து, அழைப்பு அடித்த பிறகு கலியாணம் நின்றது. இழுப்புக்கே அப்படியென்றால் இருதயத்துக்கு எப்படி என்று வேரோனிக்கா அன்றைக்கு இரவு கணவரிடம் கேட்டாள். அருள்நாயகம் வழக்கம்போல, "நீர் சொன்னால் சரிதான்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. சண்டை வராமல் இருப்பதற்காக எதற்கும் தலையாட்டக் கூடியவர்.

வெளியே பேசாத கதை மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளும் பேசாத கதையாகிவிட்டது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் நின்றபடி பெட்டி அடைத்து, இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வருகிறவளுக்கு ஆறுதலாக உட்கார்ந்து கதைக்க எங்கே நேரம்? பிள்ளையும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஒப்பரேஷன் நடந்த இரவில் வேரோனிக்கா பிரான்சில் இருக்கிற லூர்து மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். பிள்ளையைத் திருப்பித் தந்தால் உன் வாசலுக்கே கொண்டுவந்து காட்டுகிறேன் என்று. வேலை, வீட்டுக்கடன், பிறகு மகளின் படிப்பு என்று அது தள்ளித் தள்ளிப் போய், இந்த வருடம்தான் பயணம் சரிவந்தது. சரிவந்த கதையைக் கேட்டு, அருள்நாயகத்தின் ஒன்றுவிட்ட தங்கை ஜூலி பாரிசிலிருந்து ரெலிபோன் எடுத்தாள். சம்பந்தம் பேசிப் பொருத்துவது அவளுக்குச் சாப்பாடு தண்ணி மாதிரி.

"மச்சாள், லூர்துக்குத்தானே வாறியள்? அங்கையிருந்து சலோ ஒரு பகல் பஸ் ஓட்டம். எனக்குத் தெரிஞ்ச பிலோமினா அக்கா குடும்பம் ஒவ்வொரு ஓகஸ்டும் அங்கை வீடு எடுத்து நிக்கிறவை. மகன் மரியோ, எஞ்சினியர், தங்கமான பொடியன். கடற்கரையிலை தற்செயலாக் கண்ட மாதிரிச் சந்திப்பம். பிள்ளைக்கு ஒரு சந்தேகமும் வராது."

தற்செயல் கட்டாயம் தேவைப்பட்டது. முன்னர் ஒருமுறை ஸ்காபரோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பெண் பார்க்க ஏற்பாடு செய்தபோது, நிரோஷினி பாதியில் எழும்பிப் போனவள். இனி ஒருதரம் இப்படிச் செய்தால் வேறு வீடு எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று சொன்னவள். சொன்னால் செய்கிற பிள்ளை.

வேரோனிக்கா ஓம் என்றாள். அங்கேதான் அவள் பிழை விட்டாள். அவளுக்குத் தெரிந்த கடற்கரை, ஸ்காபரோவின் ஏரிக்கரை. கோடை வந்தால் மல்வேர்னிலிருந்து தமிழ்ச் சனம் வான்களை நிரப்பிக்கொண்டு அங்கே போகும். போய் என்ன செய்யும்? சாப்பிடும். கோழிக்கால் வாட்டும், ஆம்பிளையள் காட்ஸ் விளையாடுவார்கள், பொம்பிளையள் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊர்க்கதை கதைப்பார்கள், பின்னேரம் ஆனதும், போன உடுப்போடு போன மாதிரியே காய்ந்துபோய் வீட்டுக்கு வருவார்கள். கடற்கரைக்குப் போகிற மனிதர் உடுப்பைக் கழற்றுவார்கள் என்பது பயணச்சீட்டு எடுத்து முடிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உறைத்த அன்றே கடைக்கு ஓடிப்போய், கழுத்து மூடி, கை நீண்ட நீச்சல் சட்டை ஒன்றை மகளுக்கு வாங்கிக் கொடுத்தாள். அதை நம்பித்தான் இவ்வளவு தூரமும் வந்தாள்.

அந்தச் சட்டை ஹொட்டேலில் கிடந்தது.

"டூ ஹொட் அம்மா" என்றாள் நிரோஷினி, மணலில் துவாயை விரித்தபடி. "அதைப் போட்டால் அவிஞ்சு போவன்."

ஹொட்டேலுக்குத் திரும்பிப் போக நேரமில்லை. நடைபாதைப் பனைகளுக்குக் கீழே ஜூலியின் சிவப்புத் தொப்பி தெரிந்துவிட்டது.

"அட! உது எங்கடை அருள் அண்ணை எல்லோ!" என்று ஜூலி கத்திக்கொண்டு வந்தாள். அவள் நடித்தது பரவாயில்லை. அருள்நாயகம்தான் ஹொட்டேல் கண்ணாடிக்கு முன்னால் பழகி வைத்த வசனத்தைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்புவிக்கிற மாதிரி ஒப்புவித்தார்.

"ஓ, ஜூலி. நீ, எங்கை, இஞ்சை?"

நிரோஷினி கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் தகப்பனை ஒருமுறை பார்த்தாள். பிறகு எழும்பி, "என்ன கோயின்சிடன்ஸ், மாமி!" என்று ஜூலியைக் கட்டிப்பிடித்தாள். ஜூலிக்குப் பின்னால் பிலோமினா வந்தாள். நல்ல பெருத்த பெண், பிரெஞ்சுக்காரர் மாதிரி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுக்கிறவள். அவளுக்குப் பின்னால் கணவர் ஜூலியஸ், குளிர்ப்பெட்டியைச் சுமந்துகொண்டு. கடைசியாக மரியோ. உயரமான, கொஞ்சம் கூச்சமான பொடியன். குடையை மணலில் குத்திவிட்டு, அது விழுந்ததும் தானே சிரித்தான். நிரோஷினியும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை வேரோனிக்கா பார்த்தாள். ஆசை வந்தால் பயமும் இரண்டு மடங்காகும் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அதுவரை இது ஜூலி கொண்டுவந்த ஒரு பேச்சு. இப்போது மகள் துவாயில் சம்மணம் போட்டிருந்து, மட்டன் ரோல்ஸ் ஒன்றைப் பிய்த்து, பாதியை மரியோவுக்குக் கொடுத்து, பாரிஸ் ரயிலும் ரொறன்ரோ ரயிலும் எது மோசம் என்று அவனோடு வாதாடிக்கொண்டிருந்தாள். நீலச் சட்டையின் கழுத்து, அவள் குனியும்போதெல்லாம் கொஞ்சம் சரிந்தது. வேரோனிக்கா மகளுக்குப் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, எறும்பு ஊருது பிள்ளை என்று சொல்லிச் சொல்லி அதை மேலே இழுத்துவிட்டாள்.

"இஞ்சை எறும்பே இல்லை அக்கா" என்றாள் பிலோமினா. "நாங்கள் எத்தினை வருசமா வாறம்."

வெயில் ஏறியது. தண்ணீருக்குள் இருந்த சனம் கூச்சல் போட்டது. குளிர்பானம் விற்கிற பங்களாதேஷ் பொடியன் ஒருவன் இவர்களைச் சொந்தக்காரர் என்று நினைத்தோ என்னவோ இரண்டுதரம் வந்து சிரித்துவிட்டுப் போனான். நிரோஷினி எழும்பினாள்.

"நான் தண்ணிக்கை இறங்கிப்போட்டு வாறன்."

"சாப்பிட்ட உடனை இறங்கக் கூடாது பிள்ளை" என்றாள் வேரோனிக்கா.

"நான் அரை ரோல்ஸ்தான் சாப்பிட்டனான்."

"வெறும் வயித்தோடையும் இறங்கக் கூடாது."

மரியோ சிரித்துவிட்டான். நிரோஷினியும் சிரித்தாள். "அம்மா, சாப்பிட்டாலும் ஏலாது, சாப்பிடாட்டிலும் ஏலாது எண்டால் எப்ப இறங்கிறது?"

"உந்தக் கடலிலை ஜெலிமீன் இருக்காம். கடிச்சால் வீங்கும். நாளைக்கு இறங்கன்."

"நாளைக்கு பிளைட் அம்மா."

"விடுங்கோ அக்கா" என்றாள் பிலோமினா, வாழைப்பழத்தை உரித்தபடி. "இளசுகள் குளிக்கட்டும்." சொன்ன குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கண் மட்டும் நிரோஷினியின் கால் நகத்திலிருந்து மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வந்தவளின் கண். வேரோனிக்கா சால்வையைக் கழற்றி மகளின் தோளில் போடப் போனாள். அவள் எழும்புவதற்குள் நிரோஷினி நீலச் சட்டையைத் தலைக்கு மேலால் உருவி எறிந்துவிட்டாள்.

பிலோமினாவின் வாய்க்குப் போன வாழைப்பழம் பாதியில் நின்றது.

"உதென்ன பிள்ளை, நெஞ்சிலை?"

நிரோஷினி குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். யாரோ நேரம் என்ன என்று கேட்டால் கையைப் பார்ப்பதுபோல, அவ்வளவு சாதாரணமாக. பதில் சொல்ல வாய் திறந்தாள்.

"சின்னனிலை கண்ணாடி மேசையிலை விழுந்தவள்" என்றாள் வேரோனிக்கா. "வெட்டினது. ஆழமான வெட்டு."

இந்தப் பொய்யை அவள் எத்தனையோ வருடமாகத் தயாராக வைத்திருந்தாள். பாவிக்க ஒரு சந்தர்ப்பம் வரவில்லை, அவ்வளவுதான். அதனால் அது ஒரு தடக்கலும் இல்லாமல் வந்தது. நிரோஷினி தாயைத் திரும்பிப் பார்த்தாள். அருள்நாயகம் மணலைப் பார்த்தார்.

"அப்பாடா!" என்றாள் பிலோமினா. "நான் வேறை என்னவோ ஏதோ எண்டு பயந்துபோனன். வெட்டுக் காயம் எண்டால் பரவாயில்லை. குறை நினையாதைங்கோ அக்கா, பொம்பிளை பாக்க வந்தால் உதெல்லாம் கேட்டுத் தெளியத்தானே வேணும்."

ஜூலி பிலோமினாவின் முழங்கையில் இடித்தாள். பிந்திவிட்டது.

நிரோஷினி பிலோமினாவைப் பார்த்தாள், ஜூலியைப் பார்த்தாள், குளிர்ப்பெட்டியைப் பார்த்தாள், மரியோவைப் பார்த்தாள். மரியோவின் முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்குச் சொல்லேல்லையா?" என்று மெதுவாகக் கேட்டான். "உங்களுக்குத் தெரியும் எண்டுதான் எனக்குச் சொன்னவை." அவள் தாயிடம் திரும்பினாள்.

"முந்தநாள் லூர்திலை என்னைக் கொண்டுபோய் மாதாவுக்குக் காட்டினீங்கள் அம்மா. இண்டைக்கு இவையளுக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு கடலை நோக்கி நடந்தாள்.

அந்தக் கடல் நல்ல தூரத்துக்கு இடுப்பளவுதான். நிரோஷினி பந்தடிக்கிற பிள்ளைகளைக் கடந்தாள், காற்றடைத்த மெத்தைகளில் மிதந்தவர்களைக் கடந்தாள். பிறகு குனிந்து நீந்தத் தொடங்கினாள். வேரோனிக்கா தண்ணீரின் ஓரத்துக்கு வந்து நின்றாள். கறுப்புத் தலை சின்னதாகிக்கொண்டு போனது. தூரத்தில் மஞ்சள் மிதவைகள் வரிசையாகக் கிடந்தன, அதற்கு அப்பால் போகக் கூடாது என்பதற்காக. தலை மிதவைகளை அடைந்தது. அங்கே நிற்கவில்லை.

"திரும்புவாள்" என்றார் அருள்நாயகம், பக்கத்தில் வந்து.

திரும்பவில்லை. மிதவைக்கு அப்பால் ஒரு மிதி படகு குறுக்கே போனது. அது போன பிறகு தலையைக் காணவில்லை.

ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்குத்தர், கொஞ்ச நாளைக்கு ஓடவிடாதே, களைக்க விடாதே என்று சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் வேரோனிக்காவுக்கு இன்னும் முடியவில்லை. மகள் மாடிப்படி ஏறி வந்தால் இன்றைக்கும் அவள் மூச்சைத்தான் கவனிப்பாள். இப்போது அந்த மூச்சு, அந்த அடைத்த ஓட்டை, கோபத்தில் அடித்துக்கொள்ளுகிற அந்த நெஞ்சு, எல்லாம் ஆழக் கடலில் தனியாக. எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. சுடிதார் கால்களில் சுற்றிப் பின்னியது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஐயோ, ஆரும் போங்கோ! பிள்ளைக்கு ஹார்ட் ஒப்பரேஷன் செய்தது! ஹார்ட்! ஹார்ட்டிலை ஓட்டை!"

"அவள் நீந்துவாளப்பா" என்றார் அருள்நாயகம் பின்னாலிருந்து. "கிழமைக்கு ரெண்டு தரம் நீச்சல் குளத்துக்குப் போறவள். நான்தானே இறக்கிவிடுறது." வேறு நேரமென்றால் இந்தக் கள்ளத்தனத்துக்கு அவருக்கு ஒரு மாதத்துக்குப் பச்சைத்தண்ணி கிடைத்திருக்காது. வேரோனிக்காவின் காதில் அது ஏறவேயில்லை.

காவல் மேடையிலிருந்து ஸ்பானியப் பொடியன் ஒருவன் ஓடிவந்தான். அவனுக்குத் தமிழும் தெரியாது, அவளுடைய இங்கிலிஷும் விளங்கவில்லை. வேரோனிக்கா தன் நெஞ்சில் கையால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். கடலைக் காட்டினாள். திரும்ப நெஞ்சில் கோடு இழுத்தாள். குப்புறக் கிடந்த வெள்ளைக்காரப் பெண் எழும்பி உட்கார்ந்தாள். கிழவர் பந்தைக் கைவிட்டார். முழுக் கடற்கரையும் எழும்பி நின்று பார்த்தது.

ஜூலி தண்ணீருக்குள் ஓடிவந்து அவளின் கையைப் பிடித்தாள். "மச்சாள், சத்தம் போடாதைங்கோ! அவையளுக்குக் கேக்குது!"

"கேக்கட்டும்!" என்றாள் வேரோனிக்கா. "எல்லாருக்கும் கேக்கட்டும்! எனக்குப் பிள்ளை வேணும்!"

பொடியன் உயிர்காப்புப் பலகையைத் தண்ணீரில் போட்டுத் துடுப்பாகக் கைகளை வீசிக்கொண்டு போனான். மரியோவும் இறங்கப் போனான். "நீ நில்" என்று பிலோமினா அவனின் தோளைப் பிடித்தாள், அவன் நின்றான். வேரோனிக்கா தண்ணீரில் நின்றபடி மாதாவை மன்றாடத் தொடங்கினாள், பாதியில் மறந்தாள், திரும்பத் தொடங்கினாள். கடைசியில் மிதவைகளுக்கு அப்பால், படகு போன பக்கத்துக்கு மற்றப் பக்கத்தில், ஒரு கை மேலே எழும்பியது. பிறகு மற்றக் கை. நிரோஷினி நீந்திக்கொண்டுதான் இருந்தாள். பொடியன் பலகையைக் காட்ட, அவள் தலையை ஆட்டிவிட்டு, தானே அவனுக்குப் பக்கத்தால் நீந்திக் கரைக்கு வந்தாள்.

நிலம் எட்டியதும் எழும்பி நடந்து வந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது, ஆனால் களைப்பு ஒன்றும் இல்லை. வேரோனிக்கா அவளைக் கட்டிப்பிடித்த பிடியில் இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள்.

கரையில் பிலோமினா காத்துக்கொண்டு நின்றாள். ஜூலியஸ் ஏற்கெனவே குடையைச் சுருக்கத் தொடங்கிவிட்டார்.

"அக்கா, கண்ணாடி வெட்டினது எண்டனீங்கள்."

"பொய் சொன்னனான்" என்றாள் வேரோனிக்கா. சுடிதாரிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. "இருதயத்திலை ஓட்டை இருந்தது. நாலு வயசிலை அடைச்சது. இப்ப பிள்ளைக்கு ஒண்டும் இல்லை."

பிலோமினா குரலைத் தாழ்த்தினாள். "பிள்ளை குட்டி பெறலாமோ?"

"என்ரை ஹார்ட் அன்ரி. என்னட்டையே கேளுங்கோ" என்றாள் நிரோஷினி.

பிலோமினா அவளிடம் கேட்கவில்லை. "சரி அக்கா, நாங்கள் பிறகு ரெலிபோன் எடுக்கிறம்" என்றாள் வேரோனிக்காவிடம். அந்தப் பிறகு எப்போது வரும் என்பது நம் சனத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மரியோ நிரோஷினிக்கு முன்னால் வந்து, மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றான். உண்மையாகத்தான் சொன்னான். அவள் தலையாட்டினாள். அவன் குளிர்ப்பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தாய்க்குப் பின்னால் போனான்.

"நல்ல இடம் மச்சாள். உங்கடை வாயாலையே கெடுத்துப்போட்டியள்" என்றாள் ஜூலி. அவள் கையில் ஏற்கெனவே போன் இருந்தது. பின்னேரத்துக்குள் கதை மல்வேர்னுக்குப் போய்விடும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் எத்தனை பேர் தலையைச் சரித்துக்கொண்டு சுகம் விசாரிப்பார்கள் என்று வேரோனிக்காவுக்கு நன்றாகத் தெரியும். அதை நினைத்துப் பயப்பட அவள் காத்திருந்தாள். பயம் வரவில்லை. சுடிதாரின் நுனியைப் பிடித்துத் தண்ணீரைப் பிழிந்தாள்.

அருள்நாயகம், தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாறன் என்று சொல்லி நழுவினார். தாயும் மகளும் மணலில் இருந்தார்கள். நிரோஷினி துவாயைச் சுற்றிக்கொண்டு கடலைப் பார்த்தாள். வேரோனிக்கா ஏச்சுக்குத் தயாராக இருந்தாள். வேறு வீடு எடுத்துக்கொண்டு போகப் போகிறாள் என்றுதான் நினைத்தாள்.

"சொல்லாமல் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தது பிழைதான் பிள்ளை" என்றாள்.

"உது இல்லை அம்மா." நிரோஷினி தாயின் பக்கம் திரும்பினாள். "உதுக்குக் கோபம்தான். அது வேறை. நான் சின்னனிலை இருந்து நினைச்சனான், யூ ஆர் அஷேம்ட் ஒவ் மீ எண்டு. என்னைப் பாக்க உங்களுக்கு வெக்கம் எண்டு."

யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது வேரோனிக்காவுக்கு. ஊருக்கு மறைத்தாள், சொந்தத்துக்கு மறைத்தாள், தைக்கிறவளுக்கும் படம் எடுக்கிறவனுக்கும் மறைத்தாள். மூடிய அந்தச் சட்டைகளுக்குள்ளே இருந்த பிள்ளை என்ன நினைத்துக்கொண்டு இருந்தது என்று ஒருநாள், ஒரேயொரு நாள்கூட அவள் யோசித்ததில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதாள்.

"வெக்கம் இல்லையடி. மாதா சத்தியமா வெக்கம் இல்லை. பயம்."

"ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்டோ?"

"அதுகும்தான். ஆனால் முதல் பயம் அதில்லை. நீ செத்துப்போவாயோ எண்டு. அண்டைக்குப் பிடிச்ச பயம் இன்னும் விடேல்லை. அந்தக் கோட்டைக் கண்டால் எனக்கு அந்த இரவு வந்திடும். அதுதான் மூடினனான். ஊருக்கு மட்டுமில்லை, எனக்கும்தான்."

நிரோஷினி முகத்தைத் துடைத்தாள். "எந்த இரவு அம்மா? எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை. ஒருத்தரும் எனக்குச் சொல்லவும் இல்லை."

வேரோனிக்கா சுற்றிப் பார்த்தாள். பக்கத்துக் குடைக்குக் கீழே சனம், அதற்குப் பக்கத்தில் இன்னும் சனம். பழக்கதோஷத்தில் குரலைத் தாழ்த்தப் போனாள். பிறகு தாழ்த்தவில்லை.

"அண்டைக்குச் சரியான ஸ்னோ" என்று தொடங்கினாள். "அப்பா வேலையிலை. உன்ரை வாய்ச் சொண்டு நீலமாப் போச்சுது. நான் உன்னைத் தூக்கி என்ரை கோட்டுக்குள்ளை வைச்சுக்கொண்டு பார்க்டேலிலை ஆஸ்பத்திரிக்குப் போற ஸ்ட்ரீற்காருக்குக் காத்துக்கொண்டு நிண்டனான்."